ஜமீன் போச்சு, மன்னர் மானியமும் போச்சு... ஆற்காடு இளவரசர் பட்டம் மட்டும் நீடிப்பது எப்படி?

இந்தியாவில் ராஜா, நவாப் பட்டங்களுக்கெல்லாம் சட்டப்படி முடிவு கட்டி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் சென்னை ராயப்பேட்டை அமீர் மஹாலில் மட்டும் 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டம் அரசு அங்கீகாரத்தோடு தொடர்கிறது. இதை எதிர்த்து நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதெப்படி இவர்களுக்கு மட்டும்?

யார் இந்தக் குடும்பம்?

பூர்வீகம் தமிழ்நாடு இல்லை. உத்தரப் பிரதேசத்தில் உள்ள கோபாமாவ் என்ற ஊர். அங்கிருந்து வந்த அன்வருதீன் கான், ஹைதராபாத் நிஜாமால் கர்நாடக நவாப் ஆக்கப்பட்டார். 1749-ல் ஆம்பூர் போரில் அவர் கொல்லப்பட, மகன் முகமது அலி வாலாஜா ஆங்கிலேயர் துணையோடு ஆட்சியைப் பிடித்தார்.

ஆர்.கே.பேட்டைக்கும் ஆற்காட்டுக்கும் என்ன தொடர்பு?

இன்றைய ஆர்.கே.பேட்டை, திருத்தணி பகுதி அப்போது கார்வேட்டிநகர் பாளையத்தில் இருந்தது. குடியானவர்களிடம் வரி வசூலித்தது பாளையக்காரர். அவர் ஆற்காடு நவாபுக்குக் கப்பம் கட்டினார். அதாவது நவாப் வெறும் நிலக்கிழார் இல்லை, நிலக்கிழார்களிடமே வசூலிக்கும் இடத்தில் இருந்தவர்.

நிலம் கைவிட்டுப் போனது எப்படி?

ஒரே காரணம், கடன். போர்ச் செலவுக்காக கம்பெனியிடமும் அதன் அதிகாரிகளிடமும் வாலாஜா வாங்கிய கடன் வட்டிக்கு மேல் வட்டியாக ஏறியது. செங்கல்பட்டு சீமை 1763-லேயே கம்பெனிக்கு ஜாகீராகப் போனது. 1785-ல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன் விவகாரத்தைப் போட்டு உடைத்தார். கடன் கொடுத்த வெள்ளைக்காரர்களின் வட்டிக்காக, வயலில் நின்ற விவசாயி பிழியப்பட்டார்.

திப்பு சுல்தானோடு ரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகக் காரணம் சொல்லி, 1801-ல் கம்பெனி நிர்வாகத்தை முழுசாக எடுத்துக்கொண்டது. நவாபுக்கு மிஞ்சியது வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. 1855-ல் குலாம் முகமது கவுஸ் கான் வாரிசு இல்லாமல் இறக்க, நவாப் பட்டமும் ரத்து. சேப்பாக்கம் அரண்மனையும் ஏலத்தில் அரசு கைக்குப் போனது.

பிறகு 'இளவரசர்' பட்டம் எங்கிருந்து வந்தது?

கவுஸ் கானின் சித்தப்பா அசீம் ஜா உரிமை கேட்டு விடாமல் போராடினார். 1867-ல் விக்டோரியா மகாராணி அவருக்கு 'அமீர்-இ-ஆற்காடு' பட்டமும் பரம்பரை ஓய்வூதியமும் கொடுத்தார். நாடு கிடையாது, படை கிடையாது, பட்டம் மட்டும்.

சட்டத்தில் எப்படித் தப்பியது?

கார்வேட்டிநகர் போன்ற ஜமீன்களை 1948-ம் ஆண்டு சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் முடித்து வைத்தது. ஆற்காடு குடும்பத்திடம் அப்போது ஒழிப்பதற்கு ஜமீனே இல்லை. 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை நிறுத்தியது. அது, இந்தியாவோடு தங்கள் சமஸ்தானத்தை இணைத்த மன்னர்களுக்கானது. ஆற்காட்டிடம் இணைக்க சமஸ்தானமும் இல்லை. அதனால் இவர்கள் வாங்குவது 'அரசியல் ஓய்வூதியம்' என்ற தனிக் கணக்கில் நின்றுவிட்டது. முன்பே எல்லாவற்றையும் இழந்ததுதான், கடைசியில் பட்டத்தைக் காப்பாற்றியது!

இப்போது என்ன சிக்கல்?

அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு பட்டம் வழங்குவதைத் தடை செய்கிறது. 'பிரிட்டிஷ் ராணி கொடுத்த பட்டத்துக்குக் குடியரசில் என்ன வேலை? மக்கள் வரிப்பணம் எதற்கு?' என்பது எதிர்ப்பவர்கள் வாதம். 'இது புதிதாகத் தந்த சலுகை இல்லை; பறித்த ஆட்சிக்கு ஈடாகக் கொடுத்த வாக்குறுதி' என்பது ஆதரிப்பவர்கள் பதில்.

இரண்டு தரப்புமே பேசாத ஒன்று உண்டு. ஆட்சியை இழந்த குடும்பத்துக்கு ஈடு கிடைத்தது. அந்தக் கடனுக்கு வட்டி கட்டிய கிராமங்களுக்கு எந்த ஈடும் எழுதப்படவில்லை.