பாரணை இல்லாத நோன்பு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கும் என் சிநேகிதர் ஒருவர், சென்ற மார்கழியில் ஓர் இரவு பதினொன்றே முக்கால் மணிக்கு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் செல்போனுடன் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்த காட்சியை, ராஜபாளையத்திலிருந்து போய் அன்று அவர் வீட்டில் தங்கிய நான் பாயில் படுத்தபடி பார்த்தேன். விடியற்காலையில் ரத வீதிகளைச் சுற்றி வந்தவர்தான். ஆனாலும் செல்போனில் உள்ள நடைச் செயலி கேட்கும் 10,000 அடிகளுக்கு இன்னும் 600 குறைகிறதாம், மணி பன்னிரண்டு அடித்தால் 200 நாளுக்கு மேல் விடாமல் சேர்த்த கணக்கு பூஜ்யமாகிவிடுமாம். முழங்கால் வலி எப்படி என்று கேட்டேன். "பேசாதீங்க, கணக்கு தப்பிரும்" என்றார். எண்ணுவது தாமல்ல, யந்திரம் என்பதைக்கூட மறந்துவிட்டார்!

இந்த 10,000 வைத்திய சாஸ்திரம் விதித்த அளவு என்பது அவர் நம்பிக்கை. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயம் நடந்த மறு வருஷம், 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவிக்கு, 'பதினாயிரம் அடி மானி' என்று பொருள்படும்படி வியாபாரிகள் சூட்டிய பெயரிலிருந்து பிறந்த எண் அது.

நாற்காலியை விட்டு எழாதவரை வீதிக்கு இழுத்து வந்த புண்ணியம் அந்தச் செயலிக்கு உண்டு. முதல் இரண்டு மாதம் அவர் முகத்தில் தெரிந்த பிரகாசமும் பொய்யல்ல. பிற்பாடுதான் சந்தோஷம் வடிந்து, பயம் மட்டும் நின்றது.

அதே ஊரில்தான் கோதை நாச்சியார் மார்கழிக்கு 30 பாசுரமென்று கணக்கு வைத்தாள். அதுவும் நாள் தவறாமல் செய்யவேண்டிய அனுஷ்டானமே. அங்கும் விடியுமுன் வந்து எழுப்புகிறவர்கள் உண்டு. ஆனால் நெய்யையும் பாலையும் விலக்கித் தொடங்கும் அந்த நோன்பு, 27-ஆம் நாள் கூடாரவல்லியன்று அக்காரவடிசிலில் வந்து நிறைகிறது; மாதம் கழிந்ததும், நோற்றவளை விட்டுவிடுகிறது. கைபேசி விதிக்கும் நோன்புக்கோ பாரணை நாளே கிடையாது. 100-ஆம் நாளுக்கு ஒரு பதக்கம், 200-க்கு ஒன்று, அப்புறம் 365. முடித்துவிட்டவன் மறுநாள் திறந்து பார்க்கமாட்டானாதலால், முடிவே வராதபடி சமைப்பதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். எங்கள் ராஜபாளையத்து மில்லில்கூட ஷிப்டு முடிந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

செயலி செய்கிறவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: ஒரு மண்டலம், 48 நாள் என்று எல்லை வையுங்கள், நடுவே காய்ச்சலென்றும் கல்யாணமென்றும் இரண்டு நாள் தவறினால், நடந்த நடையை நடக்கவே இல்லையென்று அழிக்காதீர்கள்.

அன்றிரவு 11.52-க்குத் திரையில் வர்ணக் காகிதங்கள் பொழிந்தன. சிநேகிதர் அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்து, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டார்.