வெள்ளைப் பொட்டு

மழைக்கால அந்திகளில் எங்கள் வாசல் விளக்கைத் தேடி ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சி வரும். புல்லிலும் நெற்பயிரிலும் புழுவாக வளர்ந்த இனம். சுவரில் இறக்கையை மூடி உட்கார்ந்தால் ஓரத்தில் கண்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மழையில்லாத மாதங்களில் வருவதோ, புள்ளிகள் மங்கி அப்படியே காய்ந்த சருகு போலிருக்கும். பல வருடங்கள் அதை அந்துப்பூச்சி என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் உறவைப் பற்றிப் படித்த பிறகு, இந்தப் பழுப்பை என்னால் அலட்சியமாகக் கடந்துபோக முடியவில்லை.

பைசைக்ளஸ் அனைனானா என்பது அந்த ஆப்பிரிக்க உறவின் பெயர். ஆய்வுக்கூடங்களில் இன்று வளர்பவை, 1988-இல் மலாவி நாட்டின் நக்காட்டா பே என்ற ஊரில் பிடித்த சுமார் 80 சூல் பெண்களின் வம்சம். இறக்கையின் அடிப்பக்கத்துக் கண்கள் எதிரிகளை ஏமாற்றுவதற்கு. முன்னிறக்கையின் மேல்பக்கத்தில் உள்ள இரண்டு கண்களுக்கு வேலை வேறு. ஆண் பெண்ணருகே வந்து நின்று இறக்கைகளைப் படபடவென்று திறந்து மூடும்போதுதான் அவை வெளியே தெரிகின்றன.

அந்தக் கண்ணின் நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. நம் பார்வைக்கு வெறும் வெள்ளை. வண்ணத்துப்பூச்சிக்கோ அது புற ஊதா ஒளியில் மின்னுகிறது. கெண்ட்ரா ராபர்ட்சனும் அந்தோனியா மொன்டெய்ரோவும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பொட்டை மறைத்த ஆண்களைப் பெண்கள் ஒதுக்கின. செயற்கையாகப் பெரிதாக்கிய பொட்டும் எடுபடவில்லை. இத்தனை பெரிய இறக்கையில் ஊசிமுனையளவு இடத்தைப் பார்த்து ஒரு பெண் முடிவெடுக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

பருவம் மாறினால் கதையே தலைகீழ். வெயிலும் மழையுமான காலத்தில் புழுவாக வளர்ந்தால், ஆண் ஆடிக் காட்டும், பெண் தேர்ந்தெடுக்கும். குளிர்ந்த வறண்ட காலத்தில் வளர்ந்தால் பெண்தான் ஆணைத் தேடிப் போகிறது. பொட்டு பார்த்துத் தேர்வது ஆண். கேத்லீன் புரூடிக்கும் மொன்டெய்ரோவும் உள்ளிட்ட குழு இதை 2011-இல் சொன்னது. காரணம் வயிற்றுப்பாடு. புணர்ச்சியின்போது ஆண் தரும் விந்துப்பொதியில் சத்தும் சேர்ந்திருக்கிறது. பஞ்ச காலத்தில் அது பெண்ணின் ஆயுளை நீட்டுகிறது. யார் யாரைத் தேட வேண்டும் என்பதைப் புழுப்பருவத்தின் வெப்பநிலை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது எரிக்கா வெஸ்டர்மன் குழுவின் 2012-ஆம் ஆண்டு சோதனை. ஆண்களின் இறக்கையில் இரண்டு புள்ளிகளைக் கூடுதலாக வைத்து நான்காக்கினார்கள். ஆண்களையே பார்த்திராத பெண்கள் வழக்கமான இரண்டு புள்ளிக்காரர்களையே நாடின. ஆனால் கூட்டைவிட்டு அப்போதுதான் வெளிவந்த பெண்களைச் சிறிது நேரம் நான்கு புள்ளி ஆண்களோடு விட்டுவைத்தால், பிறகு அவற்றின் விருப்பம் நான்கு புள்ளிக்குத் திரும்பிவிட்டது. ஆசை பிறவியிலேயே வார்த்துவைத்தது, பூச்சிக்குக் கற்றல் ஏது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான். கண்திறந்ததும் பார்த்த முகம் அதன் மனத்தில் தங்குகிறது.

அந்தக் கல்வியும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. அலங்காரத்தைக் குறைத்த ஆண்களோடு விட்ட பெண்கள் அந்த வெறுமையை விரும்பக் கற்றுக்கொள்ளவில்லை. கூடுதலைக் கற்கும், குறைவைக் கற்காது. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் இறக்கைக் கோலம் எந்தப் பக்கம் வளரும் என்று ஊகிப்பது கடினமில்லை.

இறக்கை மட்டும் போதாது என்பதையும் அதே ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள். ஆணிடமிருந்து வரும் மணத்தைப் பொறுத்து, பார்த்த கோலத்தை விரும்பவோ ஒதுக்கவோ பெண் கற்றுக்கொள்கிறது. அப்படியொரு மணத்தை வாசல் விளக்கடியில் நிற்கும் என் மூக்கு இதுவரை அறிந்ததில்லை.