கள்ளிமுளையான்

கோச்சடையில் வைகைக் கரையோரம் வசிக்கும் நேயர்களுக்கு நாகமலை புதிதன்று. தினந்தோறும் மேற்கே கண்ணில் படுவதாலேயே அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் அந்தக் கல்லையும் முள்ளையும் கண்டு, “இங்கே என்ன முளைக்கப் போகிறது?” என்று கேட்பது நம் பட்டணவாசிகளின் வழக்கம். ஆனால் மதுரைச் சுற்றுப்புறத்துக் கரடுகளில் ஆடு மேய்ப்பவரை விசாரித்தால், முளைப்பவற்றுக்கு ஒரு பெரிய ஜாபிதாவே கொடுப்பார். அதில் கள்ளிமுளையானுக்கு அவசியம் இடமிருக்கும்.

பெயரில் கள்ளி இருக்கிறதே யொழிய, இது கள்ளி ஜாதியைச் சேர்ந்ததன்று. சதுரக்கள்ளியைக் கிள்ளினால் பால் வடியும். இதைக் கிள்ளினால் தெளிந்த சாறுதான் கசியும். அமெரிக்காவிலிருந்து வந்து நம் நிலங்களை யெல்லாம் ஆக்கிரமித்துக் கொண்டு, 1926-இல் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு பூச்சியினால் அடக்கப்பட்ட சப்பாத்துக்கள்ளிக்கும் இதற்கும் யாதொரு பந்துத்துவமும் இல்லை. உண்மையில் இது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. காய் வெடித்ததும் பட்டுக் குஞ்சத்துடன் பறந்து செல்லும் விதைகளைப் பார்த்தால் அந்த உறவு விளங்கிவிடும்.

சுண்டுவிரல் பருமனில், நான்கு பட்டைகளுடன், சாம்பல் கலந்த பச்சை நிறமாய் நிற்கும் தண்டுதான் செடி முழுவதும். இலை என்பது பெயரளவில் தோன்றி உதிர்ந்துவிடும். இலையின் வேலையைத் தண்டே பார்த்துக் கொள்கிறது. அன்றியும், பகலில் வாயைத் திறந்தால் உள்ள ஈரமும் போய்விடும் என்று அறிந்ததுபோல், இது தன் நுண்ணிய துவாரங்களை இரவில் திறந்து, வேண்டிய காற்றை உள்ளே வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டு, பகலில் மூடியபடியே சூரிய ஒளியில் உணவு சமைக்கிறது. முள் என்னும் ஆயுதம் இதற்குக் கிடையாது. ஆகவே ஏதேனும் ஒரு முட்புதரின் அடியில் ஒதுங்கி நின்று ஆட்டின் வாய்க்குத் தப்புகிறது. மனிதர் வாய்க்குத் தப்புவதில்லை! மேய்ப்போர் பச்சையாகவே கடித்துப் பசியும் தாகமும் தீர்த்துக் கொள்வதுண்டு. துவையல் அரைக்கும் வீடுகளும் உண்டு.

இந்த இனத்தில்தான் 2011-ஆம் வருஷத்தில் ஒரு புதிய செடி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் கிடைத்த அதனை இராமச்சந்திரன் முதலிய நால்வர் ஆராய்ந்து, ‘காரலுமா பைகலர்’ என்று பெயரிட்டு, ஐரோப்பிய தாவர சாஸ்திரப் பத்திரிகை ஒன்றில் பிரசுரித்தார்கள். ‘பைகலர்’ என்றால் இரு வர்ணத்தது என்று பொருள்.

“மலையடிவாரத்தில் நின்ற செடியை 2011 வரையில் ஒருவருமா பார்க்கவில்லை?” என்று நேயர்கள் கேட்கக்கூடும். பார்த்தல் வேறு, பதிவு செய்தல் வேறு. சாஸ்திர உலகில் ஒரு செடி புதியதென்று ஒப்புக் கொள்ளப்பட வேண்டுமானால், அதன் மாதிரி ஒன்று உலர் தாவர நிலையத்தில் வைக்கப்பட வேண்டும். வர்ணனை அச்சேற வேண்டும். 1935 தொடங்கி 2011 முடிய அந்த வர்ணனை லத்தீன் பாஷையில் இருந்தாக வேண்டும் என்றும் ஒரு விதி! ஆகவே நம் கொங்கு நாட்டுச் செடி அந்த விதியின் கடைசி வருஷத்தில் லத்தீன் உடுத்தி அரங்கேறியது.

சதைப்பற்றுள்ள செடிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. மற்றச் செடிகளைக் காகிதத்தினிடையே வைத்து அழுத்தினால் சில தினங்களில் உலர்ந்துவிடும். இவையோ காகிதத்துக்குள்ளேயே வாரக் கணக்கில் உயிரோடிருக்கும். சில சமயம் வளரவும் செய்யும். இல்லாவிட்டால் அழுகிப் போகும். வெந்நீரில் முக்கியோ சாராயத்தில் ஊறவைத்தோ முதலில் கொல்ல வேண்டும். ஓர் இனத்தை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டுவது பூவின் நடுவேயுள்ள மகுடம் போன்ற சிறு உறுப்பு. உலர்ந்தால் அதன் உருவம் கெட்டுவிடுகிறது. ஆகையால் இவற்றை அறிய விரும்புவோர் ஈக்கள் தேடிவரும் அந்தச் சிறு பூக்களை, பூக்கும் காலத்திலேயே மலைக்குச் சென்று பார்த்தாக வேண்டும். சென்னை அரசாங்கப் பொருட்காட்சி சாலையின் கிரேவ்லி துரையும் நம்மவரான மயூரநாதனும் அவ்வாறு உழைத்து, இந்தியாவிலுள்ள காரலுமாக்களைப் பற்றி 1931-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பின்வந்தவர்கள் அனைவரும் அதனைக் கையில் வைத்துக் கொண்டே நடந்திருக்கிறார்கள்.

‘காரலுமா’ என்பது என்ன பாஷை? அரபு என்றார் சிலர். ஆனால் ராக்ஸ்பரோ என்னும் கம்பெனித் தாவர நிபுணர், சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி 1795-இல் வெளியிடத் தொடங்கிய நூலில், தெலுங்கர் வாயிற் கேட்ட பெயரைக் குறித்து வைத்தார். அதையே ராபர்ட் பிரவுன் 1810-இல் சாஸ்திரப் பெயராக்கினார் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆந்திர நாட்டு ஜனங்களின் சொல் இவ்வாறு உலகமெங்கும் வழங்குவது நமக்கு மகிழ்ச்சியே. இதற்கு நெருங்கிய உறவான மற்றொரு செடிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சிவாஜி பிறந்த சிவநேரி மலையில் 1860-களில் டால்ஸெல் என்பவர் கண்ட அபூர்வச் செடி, அப்போது பம்பாய் கவர்னராயிருந்த பிரியர் துரையின் பெயரால் ‘பிரியரியா’ ஆயிற்று. மகாராஷ்டிரத்தில் சில மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத அது, அழியுந் தறுவாயிலுள்ள செடிகளின் வரிசையில் சேர்ந்திருக்கிறது.

பெயர் கிடைத்தால்தான் ஒரு செடிக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கேட்க முடியும். ஆயினும் பெயர் கிடைத்ததும் தேடி வருவோரும் பெருகுகிறார்கள். நம் கள்ளிமுளையானின் சத்தைப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் வைத்தியக் கல்லூரியார் 50 பேரைக் கொண்டு 60 தினங்கள் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 1 கிராம் உட்கொண்டவர்களுக்குப் பசியும் இடுப்பின் சுற்றளவும் குறைந்தன என்றும், எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றும் தெரிந்தது. பின் வாக்கியத்தை விளம்பரக்காரர்கள் படித்ததாகத் தெரியவில்லை. உடல் மெலிய வைக்கும் மருந்தென்று இது சீமைக் கடைகளில் மாத்திரையாக விற்கிறது. உண்ண ஒன்றுமில்லாதவன் பசியடக்கத் தின்ற செடி, உண்டது மிகுந்தவனுக்கு ஔஷதமாகியிருக்கிறது!

மூட்டை மூட்டையாகப் பிடுங்கினால் இந்தச் சாதாரண இனமே தாங்காது. அகப்பட்ட இடம் ஒன்றிரண்டேயான புதிய இனம் எப்படித் தாங்கும்? அதற்கு மேல், நிற்கும் பாறைக்கே ஆபத்து வருகிறது. மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி மலைகள் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாயின. இரண்டு வருஷங்களுக்குள், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. கிராம ஜனங்கள் திரண்டெழுந்த பின்னரே 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் அதை ரத்து செய்தார்கள். அக்கிராமத்தாரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். தாவர சாஸ்திரிகள் பேனா எடுக்குமுன் கல்லுடைப்போர் வெடி வைத்துவிட்டால், பெயரில்லாமலே போய்விடும் செடிகள் எத்தனையோ!

ஆசையுள்ள நேயர்கள் மழைக் காலத்தில் குழந்தைகளுடன் ஏதேனும் ஒரு கரட்டுக்குச் சென்று புதர்களின் அடியில் நிதானமாகத் தேடிப் பார்க்கலாம். வேருடன் பிடுங்க வேண்டியதில்லை. யாரேனும் வீட்டில் வளர்ப்பவரிடம் ஒரு விரல்நீளத் துண்டு கேட்டு வாங்கி, வெட்டுவாய் உலரும்படி சில நாள் நிழலில் போட்டுவிட்டு, மணல் மிகுந்த தொட்டியில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். தண்ணீர் மட்டும் அளவோடு விட வேண்டும். துளசிக்கு ஊற்றுவதுபோல் தினம் ஊற்றினால் பத்து நாளில் அழுகிவிடும்.