பல்லாவரம் சந்தையில் கொய்யாக் கன்று வாங்கலாமா?

கேள்வி: மகளைப் பார்க்கத் தாம்பரம் போகும்போது, வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தைக்கும் போவது வழக்கம். அங்கே கன்றுகள் மலிவாக இருக்கின்றன. அரை ஏக்கரில் நட 100 கொய்யாக் கன்றுகளை அங்கேயே வாங்கிவிடலாமா?
- மதுராந்தகம் பகுதி வாசகி

பதில்: வாசலில் வைக்க ரோஜாவோ செம்பருத்தியோ என்றால் தாராளமாக வாங்கலாம். அரை ஏக்கர் தோட்டத்துக்குக் கூடாது.

காரணம், வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு, பையில் உள்ள மண்ணோடும் வேரோடும் சேர்ந்தே தோட்டத்துக்குள் வந்துவிடும். நட்ட புதிதில் ஒன்றும் தெரியாது. பிறகு இலைகள் வெளிறி, ஓரம் செம்பு நிறமாகி உதிரும். காய் சிறுக்கும், மரம் வாடிப் பட்டுப்போகும். தோண்டினால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருக்கும். மண்ணில் புகுந்த நூற்புழுவை அடியோடு ஒழிக்க வழியில்லை. கொய்யாவை வெட்டிவிட்டுத் தக்காளி, கத்தரி, வெண்டை போட்டாலும் அவற்றையும் தாக்கும். ஆக, கெடுவது கன்று வாங்கிய காசு மட்டுமல்ல, நிலமும்தான்.

ரகமும் சந்தேகமே. லக்னோ 49 பதியன் என்று சொல்லி விதைக் கன்றைக் கொடுத்தாலும், காய்க்கும்போதுதான் தெரியும். அப்போது ரசீது இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பது? வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால், எந்த அரசுப் பண்ணையில் கன்று இருக்கிறது என்று சொல்வார்கள். தனியார் நாற்றங்கால் என்றால் உரிமம் பார்த்து, ரசீதோடு வாங்க வேண்டும். எங்கே வாங்கினாலும் நாலைந்து பைகளைக் கிழித்து, வேரை நீரில் அலசிப் பாருங்கள். ஒரு கன்றில் முடிச்சு இருந்தாலும் அந்த லாட்டே வேண்டாம். நட்ட பின் வரிசைகளுக்கு இடையே துலுக்கச் சாமந்தி போட்டால் நூற்புழு ஓரளவு கட்டுப்படும்.

சந்தையில் வாங்கத் தக்கவையும் உண்டு. கடப்பாரை, மண்வெட்டி, தார்ப்பாய் போன்றவற்றைத் தட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கலாம். பழைய பிளாஸ்டிக் டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், குடிநீருக்கோ மாட்டுத் தண்ணீருக்கோ வைக்கக் கூடாது. பெயர்ப்பலகை இல்லாத பழைய மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

கோழி வாங்கினால், வீட்டுக் கோழிகளோடு உடனே விடாமல் மூன்று வாரமாவது தனியாக அடைத்து வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.