புதிய காரும் ஓய்ந்துபோகும் பேட்டரியும்: பொறுமை எது, உரிமை எது?



புதிய கார் வாங்கிச் சில மாதங்களே ஆகியிருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஓசை மட்டும் வரும், எஞ்சின் இயங்காது. ஒருமுறை நிகழ்ந்தால் தற்செயல் எனலாம். மூன்றாம் முறையும் அதுவே நிகழும்போது, அந்தக் குடும்பத்துக்கு மூன்று விதமான ஆலோசனைகள் வந்து சேர்கின்றன. "கண்ணேறு பட்டிருக்கும், ஓதிப் பாருங்கள்" என்பார் ஒருவர். "தக்தீர், சபூர் செய்யுங்கள்" என்பார் மற்றொருவர். "சார்ஜ் ஏற்றிவிட்டோம், எடுத்துச் செல்லுங்கள்" என்பார் சர்வீஸ் சென்டர் ஊழியர். மூவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்த பேட்டரி ஏன் வறண்டது?

அதைக் கேட்பதும், விடை கிடைக்கும்வரை தொடர்ந்து கேட்பதும் பொறுமைக்கு முரணானதன்று. கொடுக்கல் வாங்கலில் மார்க்கம் எதிர்பார்க்கும் நேர்மையின் ஒரு பகுதி அது என்பதே என் கருத்து. கண்ணேறு உண்மை என்று நாம் நம்புகிறோம். ஓதுவதை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் நோயாளிக்கு ஓதிய பின் அவரை மருத்துவரிடமும் அழைத்துச் செல்கிறோம் அல்லவா? காருக்கும் அதே நியாயம்தான்.

பேட்டரியின் கணக்கு எளிமையானது. நம் கார்களில் உள்ள 12 வோல்ட் ஈய அமில பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது வறண்டுவிட்டது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை அளித்து அதை மீண்டும் நிரப்பும். காரைப் பூட்டிய பின்னரும் அலாரம், கடிகாரம், கணினிப் பகுதிகள் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு எனக் கொள்ளலாம். 35 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சிறிய பேட்டரி அந்த அளவை ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். அதே கசிவு 300 மில்லி ஆம்பியராக இருந்தால் நாளொன்றுக்கு 7.2 ஆம்பியர் மணி வெளியேறும். ஐந்தே நாளில் பேட்டரி வெறுமையாகிவிடும்.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. முழுவதுமாக வறண்ட பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்களாக இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே காரணத்தைத் தேடாமல் ஒவ்வொரு முறையும் சார்ஜ் ஏற்றி அனுப்புவது பழுதைத் தீர்ப்பதாகாது. அடுத்த பழுதுக்கே அது வழி செய்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புதிய பேட்டரியை மாற்றினாலும், அதுவும் அதே வழியில்தான் போகும்.

எங்கள் மஹல்லாவில் ஒரு சகோதரர் வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், வட்டிக் கடன் இல்லாமல், சிறிய கார் ஒன்றை வாங்கினார். வாரம் இருமுறை தம் தாயாரை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதே அந்தக் காரின் முதன்மையான வேலை. ஐந்து மாதத்தில் மூன்று முறை, சிகிச்சைக்குப் புறப்படும் நேரத்தில் கார் கிளம்பவில்லை. பஜ்ருக்குப் பின் ஆட்டோவைத் தேடித் தெருவில் நின்றது அந்தக் குடும்பம். சர்வீஸ் சென்டரிலோ, "நீங்கள் குறைவாக ஓட்டுவதே காரணம்" என்றார்கள். உறவினர்கள் சபூர் செய்யச் சொன்னார்கள்.

அவர் சண்டையிடவில்லை. காரைப் பூட்டி ஒரு மணி நேரம் கழித்து மின்கசிவை அளந்து, அந்த அளவை ஜாப் கார்டில் எழுதித் தருமாறு எழுத்து மூலம் கேட்டார். அளந்தார்கள். இயல்பைவிடப் பல மடங்கு கசிவு இருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது, டெலிவரிக்கு முன் ஷோரூமிலேயே பொருத்திக் கொடுத்த ஒரு கூடுதல் கருவி, கார் அணைந்த பின்னும் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இணைப்பைத் திருத்தினார்கள், நலிந்துபோன பேட்டரியை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வருகைகளில் தீராதது ஒரு கடிதத்திலும் ஓர் அளவீட்டிலும் தீர்ந்தது.

இதனால் எப்போதும் விற்றவர் மீதே குற்றம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களைச் சூரா அல்முதஃப்பிஃபீன் கடுமையாகக் கண்டிக்கிறது. வாங்குபவராகிய நமக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், எஞ்சினைக் கிளப்பச் செலவான மின்சாரமே திரும்ப நிரம்பாது. வாரக்கணக்கில் காரை நிறுத்திவைத்தாலும், வெளிக்கடையில் டேஷ் கேமராவை நேரடியாக பேட்டரியில் இணைத்தாலும், பிள்ளைகள் உள்விளக்கை எரியவிட்டு இறங்கினாலும் பேட்டரி வறளும். இவற்றை மறைத்துவிட்டு வாரண்டி கோருவதும் ஏமாற்றுதலே. புகார் எழுதுவதற்கு முன் நம் பயன்பாட்டை நாமே நேர்மையாகப் பட்டியலிட வேண்டும்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என அவ்வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. பல மாதம் ஸ்டாக்யார்டில் நின்று ஒருமுறை வறண்ட பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, 'புதியது' என்று கூறி ஒப்படைப்பது அந்த ஈரத் தானியத்தின் இன்றைய வடிவமாகும்.

விற்கும்போதே பொருளில் இருந்த குறை பின்னர் தெரியவந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதைக் கியாருல் ஐப் என்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில், குறையை அறிந்தவுடன் தாமதமின்றி அந்த உரிமையைக் கோர வேண்டும். ஹனஃபி மத்ஹபில் கால அவகாசம் உண்டு. ஆயினும் குறையை ஏற்றுக்கொண்டதைக் காட்டும் விதத்தில் நடந்துகொண்டால் உரிமை நீங்கிவிடும். இரு மத்ஹபுகளிலிருந்தும் நாம் பெறும் படிப்பினை ஒன்றே: அறிந்தும் பேசாமல் இருப்பது உரிமையைப் பலவீனப்படுத்தும். தத்தம் நிலைக்குரிய தீர்ப்பை ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

சபூர் என்பது துன்பத்தின்போது நாவையும் உள்ளத்தையும் கட்டுப்படுத்துவது. நியாயமான உரிமையைக் கோராமல் விடுவதற்கு அதைக் காரணமாக்கக் கூடாது. தீய சொல்லைப் பகிரங்கப்படுத்துவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் சூரா அந்நிஸாவின் 148ஆம் வசனம், அநீதி இழைக்கப்பட்டவருக்கு அதில் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்குக்கும் எல்லை உண்டு. நடந்ததைச் சொல்லலாம், நடக்காததைச் சேர்த்து வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பலாகாது. பேட்டரிப் பழுதுக்காகப் புதிய காரே வேண்டும் என்று பிடிவாதம் செய்வதும் நியாயமன்று. காரணத்தைக் கண்டு நிரந்தரமாகச் சரிசெய்யுங்கள் என்பதே நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், கார் எத்தனை நாள் நின்றிருந்தது என்பதைக் குறித்து வையுங்கள். ஜாப் கார்டு இல்லாமல் காரை விடாதீர்கள். வாய்மொழிப் புகாருக்குச் சாட்சி இல்லை. பேட்டரியின் கொள்ளளவு, ஆல்டர்னேட்டரின் வோல்ட், பூட்டிய பின் மின்கசிவு ஆகிய மூன்றையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டிப் புத்தகத்தைப் படியுங்கள். பேட்டரிக்குத் தனி வாரண்டியும் தனிக் காலமும் இருக்கக்கூடும். வாரண்டி இருக்கும்போது வெளியாரிடம் வயரிங்கைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.

அப்படியும் பலன் இல்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்; புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். கடன் கொடுக்கும்போது எழுதி வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஒரு புகாரை எழுதத் தயங்குவது ஏன்?

நம் சமுதாயத்தில் கார் விற்பவர்களும், பேட்டரிக் கடை வைத்திருப்பவர்களும், மெக்கானிக்குகளும் ஏராளம். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்போது, அந்த அறிவு உங்களிடம் உள்ள அமானிதம். இன்று சார்ஜ் ஏற்றி அனுப்பினால் ஒரு சிறு தொகை கிடைக்கும். காரணத்தைச் சொல்லி அனுப்பினால் அந்தக் குடும்பம் அடுத்த முறையும் உங்களையே நம்பி வரும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், நம் வாகனங்களில் பாதுகாப்பையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.