"ஊசிதானே!"

"கத்தியா வைக்கிறாங்க? ஊசிதானே!" மோவாயைக் கூராக்க ஃபில்லர் போட்டுக்கொள்ளும் ஈப்போ பெண்களும், அண்மைக் காலமாக ஆண்களும், வீட்டில் சொல்லும் சமாதானம் இது. அழகுபடுத்திக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. இந்தச் சமாதானத்தை மட்டும் விடமாட்டேன்.

இதன் வேர் தோட்டத்தில் இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் காய்ச்சல் என்றால் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் ஐயா ஊசி போட்டால்தான் வைத்தியம். மாத்திரையோடு அனுப்பினால் லயமே முணுமுணுக்கும். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஊசிமேல் இருந்த பக்தி மட்டும் நம்மோடு டவுனுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த டிரெஸ்ஸருக்கே 1965இல் தனியாக ஒரு பதிவுச் சட்டம் போட்டார்கள். ஃபில்லர் ஊசிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வரும் பியூட்டிஷியன் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்?

ஃபில்லர் என்பது பெரும்பாலும் ஹயலுரோனிக் அமிலக் கூழ். மோவாயைச் சுற்றி மெல்லிய தமனிகள் ஓடுகின்றன. கூழ் அவற்றிலொன்றுக்குள் புகுந்தால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். தோல் வெளுக்கும், பிறகு வலைபோல் ஊதாத் திட்டுகள் படரும், கவனிக்காவிட்டால் சதை அழுகும். அரிதாக நாக்கே பாதிக்கப்பட்டதுண்டு. முகத்தில் வேறு இடங்களில் போட்டுக் கண் பார்வையை இழந்தவர்களும் உண்டு. கூழைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற மருந்தை உடனடியாகச் செலுத்த வேண்டும். சிலிக்கோனைச் செலுத்தியிருந்தால் அந்த மருந்தும் கைகொடுக்காது. வரவேற்பறை சோபாவில் சாய்த்து ஊசி போடுகிறவரின் பையில் அது இருக்குமா? "வீக்கம்தான், ஐஸ் வைங்க" என்று வாட்ஸ்அப்பில் பதில் வரும்.

மலேசியாவில் டாக்டர் பட்டம் மட்டும் இருந்தாலே ஃபில்லர் ஊசி போட்டுவிட முடியாது. அழகியல் சிகிச்சைக்கான சுகாதார அமைச்சின் எல்சிபி சான்றிதழும் வேண்டும். பதிவில்லாத கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

"கிளினிக்கில் விலை அதிகம்" என்பார்கள். உண்மைதான். வீட்டுக்கு வரும் ஊசியின் மலிவு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஃபில்லர்தான் நிரந்தரமா என்றால் அதுவும் இல்லை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் கூழ் கரைந்ததும் மறுபடி ஊசி, மறுபடி அதே ஆபத்து.

நகைக்கடையில் 916 முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அக்காக்கள், மோவாய்க்குள் போகும் மருந்தின் பெட்டியைக் காட்டச் சொல்வதில்லை. கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.