நட்சத்திரக் குறிகளும் பரீட்சை விடைகளும்

கணினி வலையமைப்பைக் கற்பிக்குமிடத்து முதலிற் கோட்பாடு, பின்னரே கருவி என்னும் நியதியை ஆசிரியர் பலர் வேதவாக்காகக் கொண்டுள்ளனர். ஏழு அடுக்குகளின் பெயர்களையும் ஒழுங்கு பிறழாது ஒப்புவிப்பவனே விசைப்பலகையைத் தொடத் தகுந்தவன் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தின் வறுமையைக் காட்ட ‘ட்ரேஸ்ரூட்’ என்னும் சிறு கட்டளை ஒன்றே போதும்.

அக்கட்டளை பிறந்த கதையே முதல் மறுப்பாகும். 1988இல் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன், ஸ்டீவ் டீரிங் கூறிய யோசனையொன்றைக் கொண்டு அதனை ஆக்கினார். பாதைப் பழுதொன்றைத் தேடுகையில், 48 மணிநேரம் உறக்கமின்றி உழைத்தபின் அது தானாகவே வெளிப்பட்டதென்றும், நிரல் எழுதுவோர் அதனை முன்மாதிரியாகக் கொள்ளலாகாதென்றும் அவரே நிரலினுட் குறித்துவைத்தார். பாடநூல் எழுத அமர்ந்தவரின் ஆக்கமன்று அது. பழுதின் முன் அமர்ந்தவரின் ஆக்கம்.

அது இயங்கும் விதம் எளியது. ஒவ்வொரு பொதியும் ஓர் எண்ணைத் தாங்கிச் செல்லும். இடையிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். எண் பூச்சியமானதும் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு அறிவித்தல் விடுக்கும். முடிவின்றிச் சுழலும் பொதிகளை ஒழிக்க ஏற்பட்ட இவ்விதியை ட்ரேஸ்ரூட் தனக்கு விளக்காக்கிக்கொண்டது. எண்ணை 1, 2, 3 என உயர்த்தி, ஒவ்வொன்றுக்கும் மும்முறை பொதி அனுப்ப, வழியிலுள்ள ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தம்மை வெளிப்படுத்துகின்றன.

இவ்வளவையும் மாணவன் மனனஞ்செய்து எழுதுவான், புள்ளியும் பெறுவான். இனி அவனைத் திரையின் முன் அமர்த்துக. ஐந்தாம் வரியில் மூன்று நட்சத்திரக் குறிகள் தோன்றுகின்றன. “இணைப்பு இங்கு அறுந்துவிட்டது” என்கிறான். ஆறாம் வரியில் அடுத்த ரவுட்டர் பதிலளித்திருப்பதை அவன் நோக்குவதில்லை. அறுந்த பாதையைப் பொதி எங்ஙனம் கடந்தது? ஐந்தாவது ரவுட்டர் மௌனஞ் சாதித்தது, பொதியைத் தடுக்கவில்லை. பிறிதோரிடத்தில் 200 மில்லிசெக்கன், அதற்கப்பால் 40. நெரிசல் என்று தீர்ப்பளிக்கிறான். பொதியைக் கடத்துவதே ரவுட்டருக்குத் தலையாய பணி, தன் பெயரில் மறுமொழி விடுப்பது கடைப்பணி என்பதனை அவனது ஏடு அவனுக்கு உணர்த்தவில்லை. அறிவித்தல்கள் வேறு பாதையால் மீண்டிருத்தலுங் கூடும். ட்ரேஸ்ரூட் செல்லும் பாதையையன்றி மீளும் பாதையைக் காட்டுவதில்லை. இத்தகையோன் நாளை ஒரு வைத்தியசாலையின் இணைப்புக்குப் பொறுப்பாவானாயின், நல்ல கருவியைக் கழற்றிவிட்டுப் பழுதுற்றதை அப்படியே விட்டுவைப்பான்.

கோட்பாடு வேண்டாமோ என வினவுவர். வேண்டும், ஆயின் அந்த மூன்று குறிகளைக் கண்டு திகைத்த பின்பே அது அவனுள் இறங்கும்.

ஆய்வுகூட வசதியில்லை என்பதும் சாட்டேயன்றிக் காரணமன்று. விண்டோஸ் கணினியில் ‘ட்ரேசர்ட்’ என்னும் பெயரில் இக்கட்டளை உடன் வருகிறது. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. இவ்விரண்டும் இயல்பாக அனுப்பும் பொதிகள் ஒரே வகையினவல்ல. ஆதலால் ஒரே இடத்திலிருந்து ஒரே இலக்குக்கு இரண்டையும் ஏவினாலும் விடைகள் சிலவேளை வேறுபடும். அவ்விரு வெளியீடுகளையும் வினாத்தாளில் அருகருகே அச்சிட்டு, வேறுபாட்டுக்குக் காரணங் கேட்கலாம். அவ்வாறு கேட்கத் துணியும் பரீட்சகர் அரியர். சுருக்கப்பெயரை விரித்தெழுதுக என்பதுடன் அவர்தம் வினா முடிந்துவிடுகிறது.